கேள்வி – பதில்: குட்வில் யாருடைய மனத்தில் இருக்கிறது?

‘குட்வில்’ என்ற சொல்லைப் பற்றி மாங்குளத்து வாசகர் ஒருவர் எழுதிய கேள்வியைச் சென்ற இதழில் வெளியிட்டு, இது குறித்து வேறு ஐயங்கள் இருப்பவர்களும் எழுதலாம் என்று அறிவித்திருந்தோம். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்தன. மாங்குளத்துக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

பத்திரிகையில் ‘நல்லெண்ண விஜயம்’ என்று படிக்கிறேன். மகனுடைய கணக்கீட்டுப் பாடநூலில் ‘நன்மதிப்பு’ என்று இருக்கிறது. சந்தியில் கடை கைமாறும்போது ‘குட்வில் எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள். மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்தான் என்கிறான் மகன். எது சரி?
(வாசகர், மாங்குளம்)

மூன்றும் சரிதான். ஆனால் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை நிறுத்த முடியாது. ஒருவர் இன்னொருவருக்கு நன்மை நேர வேண்டும் என்று தம் மனத்தில் கொள்ளும் விருப்பத்தையும், ஒரு வியாபாரத்தின் மீது அதன் வாடிக்கையாளர் வைத்திருக்கும், விலை பேசி விற்கவும் கூடிய நம்பிக்கையையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நான் உங்கள்மீது கொண்டிருப்பது நல்லெண்ணம். நீங்கள் என் கடைமீது கொண்டிருப்பது நன்மதிப்பு. முன்னையது என் மனத்தில் இருப்பதால் அதை நானே அறிவிக்கலாம். பின்னையது உங்கள் மனத்தில் இருப்பதால் அதை நான் சம்பாதிக்கலாமே தவிர, இருப்பதாக நானே அறிவித்துக்கொள்வதில் பயனில்லை. எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று தடுமாறும்போது, ‘இது யாருடைய மனத்தில் இருக்கிறது?’ என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இந்த இரண்டு தமிழ்ச் சொற்களின் அடியிலும் இரட்டைப் பொருள் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எண்ணுதல் என்பது நினைத்தலும் ஆகும், தொகை பார்த்தலும் ஆகும். மதித்தல் என்பது மரியாதை கொள்ளுதலும் ஆகும், பெறுமதி இவ்வளவு என்று கணித்தலும் ஆகும். ஒரு மனிதரை மதிக்கிறோம். வயலில் நிற்கும் பயிரையும் இத்தனை மூடை தேறும் என்று மதிக்கிறோம். மரியாதையாகத் தொடங்கி, விலையாக எழுதப்பட்டு முடியும் ஒரு பொருளுக்கு ‘நன்மதிப்பு’ என்பதைவிடப் பொருத்தமான சொல்லை யாராலும் ஆக்கியிருக்க முடியாது என்பது என் கருத்து.

யாருடைய மனம் என்ற கேள்வி வேத நூலை மொழிபெயர்த்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. இயேசுவின் பிறப்பின்போது வானதூதர் பாடிய வாழ்த்தில் இதே ஆங்கிலச் சொல் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் அதை ‘மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக’ என்று தந்தது. அங்கே அன்பு மேலிருந்து மனிதரை நோக்கி வருகிறது. மடுவிலும் முல்லைத்தீவிலும் கத்தோலிக்கர் திருப்பலியில் சொல்லிவந்த வடிவமோ ‘நல்மனத்தவர்க்கு அமைதி ஆகுக’ என்பது. அங்கே நல்ல மனம் மனிதருக்கே உரியதாகிவிடுகிறது. மூலச் சுவடிகளில் உள்ள ஓர் எழுத்து வேறுபாட்டிலிருந்து கிளைத்த இரண்டு வாசிப்புகள் இவை. இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் அடக்க எவரும் முயலாதது நல்லதாயிற்று.

சந்தியில் கேட்கப்படும் ‘குட்வில்’ பற்றித் தனியாகவே ஒரு கேள்வி வந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நன்மதிப்பு ஒரு சொத்து என்று ஆசிரியர் கற்பிக்கிறார். ஆனால் அப்பாவின் ஹாட்வெயார் கடைக் கணக்கில் அப்படியொரு சொத்தே இல்லை. அப்பாவுக்கு நன்மதிப்பு இல்லை என்பதா இதன் பொருள்?
(உயர்தர வகுப்பு மாணவி, கிளிநொச்சி)

அப்பாவிடம் இந்தக் கேள்வியை இப்படியே கேட்டுவிட வேண்டாம். அவருக்கு நன்மதிப்பு இருக்கலாம். ஆனால் அவர் அதை யாரிடமிருந்தும் விலை கொடுத்து வாங்கவில்லை. ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நன்மதிப்பைச் சொத்தாகப் பதியக்கூடாது என்று இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 சொல்கிறது. காரணம் எளிது. இரும்புக் கம்பியின் விலைக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. இருபது ஆண்டுகளாக நிறுவை பிசகாமல் ஆணி விற்றதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. நம்பகமாக அளக்க இயலாத ஒன்றை உரிமையாளரே மதிப்பிட்டு எழுத விட்டால், கணக்கில் எல்லாக் கடைகளும் செல்வம் கொழிக்கும்.

நாளை வேறொருவர் அந்தக் கடையை வாங்கினால் நிலைமை மாறும். கடையின் எல்லாச் சொத்துகளிலிருந்தும் கடன்களைக் கழித்து வரும் தேறிய சொத்து 40 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் மனமொப்பி 52 இலட்சம் கொடுக்கிறார். மேலதிகமான 12 இலட்சம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? மறுநாள் காலையில் கடையைத் திறந்தவுடன் ஆட்கள் வருவார்கள் என்பதற்காகத்தான். அந்த 12 இலட்சத்தை வாங்கியவர் தம் கணக்கில் நன்மதிப்பு என்று பதிகிறார். விற்றவர் கையில் கணக்கில் வராத பொருளாக இருந்தது, வாங்கியவர் கையில் சொத்தாகிவிடுகிறது.

12 இலட்சம் என்ற தொகைக்கு அவர்கள் எவ்வாறு வந்திருக்கக்கூடும் என்பதையும் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டு இலாபம் 9, 11, 10 இலட்சம் என்றால் சராசரி 10 இலட்சம். அதே 40 இலட்சத்தை அதே வகையான வேறொரு தொழிலில் இட்டால் ஆண்டுக்கு 15 வீதம், அதாவது 6 இலட்சம், கிடைக்கும் என்று கொண்டால், இந்தக் கடை மட்டும் ஈட்டித்தரும் மேலதிக இலாபம் 4 இலட்சம். அந்த மேலதிகம் மூன்று ஆண்டுகளுக்காவது நீடிக்கும் என்று நம்பினால் 12 இலட்சம். சராசரி இலாபத்தையே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளால் பெருக்கும் முறையும் உண்டு. அது சாதாரண உழைப்பின் பயனையும் நன்மதிப்பின் கணக்கில் சேர்த்துவிடுவதால் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. ஆனால் பரீட்சையில் வினா எந்த முறையைக் கேட்கிறதோ அந்த முறையிலேயே விடை எழுதுங்கள். பங்குடைமையில் புதிய பங்காளர் சேரும்போது, பங்காளரின் கணக்குகளில் நன்மதிப்பைப் பழைய விகிதத்தில் கூட்டி, புதிய விகிதத்தில் கழித்துச் செய்யும் சீராக்கத்தை ஆசிரியர் காட்டியிருப்பார்.

வாங்கிய நன்மதிப்பு எப்போதும் அப்படியே இருப்பதில்லை. பெரிய கம்பனிகள் அதன் பெறுமதி குன்றியிருக்கிறதா என்று ஆண்டுதோறும் சோதித்து, குன்றியிருந்தால் குறைத்தெழுத வேண்டும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தின்படி அதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கழித்துவர வேண்டும்; எவ்வளவு காலம் பயன் தரும் என்று நம்பகமாகச் சொல்ல இயலாதபோது அந்தக் காலம் பத்து ஆண்டுகளுக்கு மேற்படக்கூடாது.

திருச்சியில் இருக்கும் என் அக்காவின் மகள் தன் பாடநூலில் ‘நற்பெயர்’ என்று இருப்பதாகச் சொல்கிறாள். நாம் தவறாக எழுதுகிறோமா?
(வாசகி, வவுனியா)

இல்லை. தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் நூல்கள் நற்பெயர் என்கின்றன; நம் நூல்கள் நன்மதிப்பு என்கின்றன. அவள் தன் பரீட்சையில் நற்பெயர் என்றே எழுதட்டும். ஆனால் எது பொருத்தம் என்று கேட்டால் நம்முடைய சொல்லின் பக்கமே நிற்பேன். நல்ல பெயர் என்பது கடைப்பக்கமே வராதவர்களிடமும் இருக்கலாம். ‘அவர் நாணயமான மனிதர்’ என்று ஊர் முழுவதும் சொல்லும். சாமான் வாங்குவதற்கு மட்டும் அடுத்த சந்திக்குப் போகும். அந்த மனிதரிடம் இருப்பது நற்பெயர். கடையை விற்கும்போது அதற்கு ஒரு சதமும் கிடைக்காது.

புதுக்குடியிருப்பில் அப்பா நடத்திய பலசரக்குக் கடை 2009இல் கட்டடம், சரக்கு, கணக்குக் கொப்பி எல்லாவற்றோடும் அழிந்தது. பிறகு அதே பெயரில் வேறு இடத்தில் தொடங்கினோம். இப்போது அண்ணன் தன் பங்கைப் பிரிக்கும்போது ‘பழைய பேருக்கும் பெறுமதி போடு’ என்கிறார். எல்லாம் அழிந்த பிறகு மிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?
(வணிகர், புதுக்குடியிருப்பு)

உங்கள் கேள்விக்கு இங்கிலாந்து நீதிபதிகள் இருவர் இரு வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். 1810இல் ஒரு பாரவண்டிச் சேவையின் விற்பனை தொடர்பான வழக்கில் எல்டன் பிரபு, நன்மதிப்பு என்பது பழைய வாடிக்கையாளர் பழைய இடத்தை நாடி வருவார்கள் என்ற சாத்தியத்துக்கு மேல் ஒன்றுமில்லை என்றார். இந்த வரைவிலக்கணத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் அண்ணனுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. பழைய இடமே இல்லாமல் போய்விட்டது.

1901இல் ஒரு மாஜரின் கம்பனியின் வழக்கில் மக்நாட்டன் பிரபு இதை வேறுவிதமாகச் சொன்னார். நல்ல பெயர், மதிப்பு, தொடர்பு ஆகியவற்றால் ஒரு வியாபாரத்துக்குக் கிடைக்கும் அனுகூலமே நன்மதிப்பு; வாடிக்கையை இழுத்து வருகின்ற ஈர்ப்பு விசை அதுதான் என்பது அவர் கருத்து. அது தனியே உயிர் வாழாது, ஒரு வியாபாரத்தைப் பற்றிக்கொண்டே வாழும் என்றும் சொன்னார். வியாபாரம் அழிந்தால் நன்மதிப்பும் அதனோடு மடியும். ஆனாலும் சில கூறுகள் எஞ்சக்கூடும், அவற்றைத் திரட்டி மீண்டும் உயிர்ப்பிக்கவும் கூடும் என்று அவர் சேர்த்துக்கொண்ட பகுதிதான் உங்களுக்குரியது. வன்னியைக் கண்ணால் காணாத ஒருவர் வன்னிக் கடைக்காரருக்காகவே எழுதிவைத்ததுபோல் இருக்கிறது.

நான் கண்டதையும் சொல்கிறேன். இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாளின் கீழ் நாலு சவர்க்காரக் கட்டியையும் இரண்டு கிலோ பருப்பையும் வைத்துக்கொண்டு இருந்தவர்களைத் தேடி, முந்தைய ஊரில் அவர்களிடம் வாங்கியவர்களே வந்தார்கள். அருகில் அதே விலைக்கு வேறு ஆட்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பிறகு செட்டிகுளத்து முகாம்களில், ‘காலபோகம் வெட்டினதும் தாறன்’ என்று ஊரில் கடன் சொன்ன ஒருவர், அறுவடையும் இல்லை, கொப்பியும் இல்லை என்ற நிலையிலும் கடைக்காரரைத் தேடிப் பிடித்து, தம் கணக்கைத் தாமே நினைவிலிருந்து சொல்லிக் காசு கொடுத்ததைப் பார்த்தேன். கடைக்காரருக்குத் தொகை நினைவில் இல்லை. வந்தவர் சொன்ன தொகையையே எழுதுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லாரும் இப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். கொப்பி எரிந்ததோடு கடனும் எரிந்தது என்று நிம்மதி அடைந்தவர்களும் இருந்தார்கள்.

ஆகவே உங்கள் அண்ணனின் கோரிக்கை நியாயமற்றதன்று. ஆனால் அளவு வேண்டும். 2009க்கு முன் இருந்த நன்மதிப்பு முழுவதற்கும் அவர் விலை கேட்க முடியாது. அதில் பெரும்பகுதி போய்விட்டது. அப்பாவின் பெயரைக் கேட்டு இன்றும் வருபவர்கள் எத்தனை பேர், நீங்கள் புதிதாகச் சேர்த்த வாடிக்கை எவ்வளவு என்பதை இருவரும் சேர்ந்து பாருங்கள். கொப்பியைப் பிரித்து வைத்து ஒரு மாலை உட்கார்ந்தால், முன்பு சொன்ன மேலதிக இலாபக் கணக்கில் ஒரு பங்கை அவருடையதாக ஒதுக்க முடியும். கடை எப்போதிருந்து உங்கள் தனி உழைப்பில் நடக்கிறது என்பதையும் அதில் கழித்துப் பார்க்க வேண்டும்.

நானும் மச்சானும் பங்காக நடத்திய உரக்கடையிலிருந்து அவர் விலகினார். கடையும் பெயரும் நன்மதிப்பும் எனக்கே என்று எழுதி, அதற்குரிய தொகையையும் வாங்கிக்கொண்டார். இப்போது முந்நூறு மீற்றர் தள்ளிப் புதுக்கடை போட்டிருப்பதோடு, எங்கள் கொப்பியில் உள்ள கமக்காரரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கிறார். இது முறையா?
(வாசகர், மல்லாவி)

பங்குடைமை பற்றிய வழக்குகளில் 1852ஆம் ஆண்டுக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின்படி நம் நாட்டில் ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்படுகிறது. அந்தச் சட்டத்தில் உங்கள் நிலைமையை ஒத்த ஒரு வழக்கு உண்டு. 1896ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள ‘ட்ரெகோ எதிர் ஹண்ட்’ என்ற அந்த வழக்கில், பங்குடைமை முடியும்போது நன்மதிப்பு முழுவதும் மற்றவருக்கே சேரும் என்று உடன்பட்டிருந்த பங்காளர் ஒருவர், காலம் முடியும் முன்பே எழுதுநர் ஒருவரைக் கொண்டு வாடிக்கையாளரின் பெயர், முகவரிகளைப் படியெடுப்பித்தார். கொப்பியைப் படியெடுக்கும் யோசனை மல்லாவியில் பிறந்ததன்று.

அக்காலத்தில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை எல்லைக்கோட்டை இப்படிப் போட்டது: நன்மதிப்பை விட்டுக்கொடுத்தவர், ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால், அருகிலேயே போட்டிக் கடை போடலாம். தாமே பழைய கடை என்று காட்டிக்கொள்ளக்கூடாது. பழைய வாடிக்கையாளரைத் தேடிப்போய்த் தம்மிடம் வரும்படி கேட்கவும் கூடாது. ஆகவே முந்நூறு மீற்றரைப் பற்றி நீங்கள் மனக்குறைப்படலாம், வழக்காடுவது கடினம். தொலைபேசி அழைப்புகள் வேறு விடயம். எழுதிய உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்; அதிலுள்ள வாசகத்தைப் பொறுத்தே மற்றவை அமையும். விற்ற பொருளைத் தாமே திருப்பி எடுக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உட்கருத்து என்பதை மச்சானுக்கு முதலில் ஒரு பெரியவர் மூலம் சொல்லிப் பார்ப்பதிலும் தவறில்லை.

பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையை எடுக்கப்போனேன். இப்போது இருப்பவர் ‘குட்வில்’ கேட்கிறார், கட்டட உரிமையாளர் ‘கீ மணி’ கேட்கிறார். இரண்டும் ஒன்றா?
(வாசகர், வவுனியா)

வெவ்வேறு. கீ மணி என்பது அந்த இடத்துக்குள் நுழைவதற்காக உரிமையாளர் கேட்பது. அங்கே முன்பு தேநீர்க்கடை இருந்ததா, தையற்கடை இருந்ததா என்பது அவருக்கு ஒரு பொருட்டன்று. குட்வில் என்பது அங்கே ஏற்கெனவே நடக்கும் வியாபாரத்தின் வாடிக்கைக்காக அதை நடத்துபவர் கேட்பது. நீங்கள் அதே வியாபாரத்தை அதே பெயரில் தொடரப் போகிறீர்கள் என்றால் அதைப் பற்றிப் பேசலாம். அவர் வைத்திருப்பது தேநீர்க்கடையாகவும் நீங்கள் வைக்கப்போவது கைத்தொலைபேசிக் கடையாகவும் இருந்தால், வடைக்கு வந்தவர்களின் நம்பிக்கைக்கு நீங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அப்போது அவர் கேட்பதும் பெயர் மாறிய கீ மணியே.

காணி விடுவிக்கப்படும்போதும் மீனவர் விடுதலையாகும்போதும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று செய்தி எழுதுகிறார்கள். படிக்கும்போது மனம் ஒப்பவில்லை. சொல்லில் தவறு உண்டா?
(வாசகி, முல்லைத்தீவு)

உண்டு என்றே நினைக்கிறேன். நல்லெண்ணம் என்பது, கொடுக்க வேண்டிய கடமை இல்லாத இடத்தில் ஒருவர் மனமுவந்து கொடுக்கும்போது பொருந்தும் சொல். 1954இல் யுனிசெப் நிறுவனத்துக்காக நடிகர் டனி கேய் சிறுவர்களுக்காகப் பேசப் புறப்பட்டார். அவ்வழியில் வந்தவர்களை நல்லெண்ணத் தூதுவர் என்கிறோம். அது சரியான வழக்கு. வெளிநாட்டுக் கப்பல் திருகோணமலைக்கு வருவதை நல்லெண்ண விஜயம் என்பதும், பீரங்கியோடு வரும் நல்லெண்ணம் என்ன வகை என்று நாம் கேட்டுக்கொள்ளலாமானாலும், சொல்லளவில் பொருந்தும்.

கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் வீதியோரத்தில் கொட்டகை அமைத்து இரவு பகலாக இருந்து கேட்டது, படையினர் வசம் இருந்த தங்கள் சொந்தக் காணியை. உரியவரின் பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு மீளளித்தல் என்று பெயர். அதை நல்லெண்ணம் என்று எழுதினால், வாங்குபவர் கடனாளி போலவும் கொடுப்பவர் கொடையாளி போலவும் வாக்கியம் மாறிவிடுகிறது. மீனவர் விடுதலையில் நீதிமன்றம் வழக்கை முடித்து விடுவித்திருந்தால் அதுவும் நல்லெண்ணமன்று. வழக்கு நடக்கும்போதே ஓர் அரசு மற்ற அரசுக்கு இணக்கம் காட்டி அதைக் கைவிட்டால் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. செய்தியாளர் நண்பர்கள் ‘விடுவிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதும். எந்த மனநிலையில் என்பதை வாசகர் முடிவுசெய்துகொள்வார்.

இதே கடிதத்தில் நல்லெண்ணமும் நல்லிணக்கமும் ஒன்றா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்லெண்ணம் ஒருவர் தனியே கொள்ளக்கூடியது. நல்லிணக்கத்துக்கு இருவர் வேண்டும். போர்க்காலத்தைப் பற்றி விசாரிக்க 2010இல் அமைக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் அமர்வு நடத்திய ஆணைக்குழுவின் பெயரில் இருந்தது பின்னைய சொல்.

எங்கள் ஊர்ப் பதாகை ஒன்றில் ‘நல்லெண்ணெய்த் தூதுவரை வரவேற்கிறோம்’ என்று இருந்தது. சிரிப்பதா, திருத்துவதா?
(மாணவர், ஒட்டுசுட்டான்)

எள்ளு விளைகின்ற பகுதியில் அந்தப் பதவிக்கு ஒருவரை நியமிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இருந்தாலும், பதாகை அடித்தவரிடம் போய் எண்ணம், எண்ணெய் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பணிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.